மூச்சைப் பிடிங்க

ஆபரேஷனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சினைப்பைக் கட்டியை ஸ்கேன் எடுக்க வந்திருந்த அக்காவை மெஷினுக்குள் படுக்கவைத்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னேன்: "மூச்சை இழுத்துப் பிடிங்க."

படத்தில் இடுப்பெலும்பு, கருப்பை எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. கட்டி மட்டும் அசைந்ததுபோல் கலங்கியிருந்தது.

"நடுவுல மூச்சு விட்டீங்களாக்கா?"

"இல்லம்மா."

மறுபடி எடுத்தேன். அதே கதை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். எரிச்சலில் என் குரல் உயர்ந்தது.

"நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது. கேக்குதா?"

மூன்றாவது படத்தில் உடம்பு முழுக்கக் கலங்கியிருந்தது. கட்டி மட்டும் விளிம்பு பிசகாமல் பளிச்சென்று இருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

ஸ்பீக்கரில் அவருக்கு மூச்சிரைப்பது கேட்டது.

"என்னால முடியலம்மா, விட்டுட்டேன்," என்றார். "அது இன்னும் விடல."