சில்லுச் சப்பாத்தில் சின்னத்தங்கம்

வாவிக்கரைக் கார்னிவலில் மஞ்சள் வெயில் சாய்கிறது. பெண்கள் அடியில் சக்கரம் பூட்டிய சில்லுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு பலகைத் தளத்தை வட்டமடிக்கிறார்கள். இடிக்கலாம், விழுந்தவள் வெளியே. இப்போது மிஞ்சியிருப்பது டவுன் ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருத்தியும், சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிய நம்ம சின்னத்தங்கமும்தான். அவளைத் தன் மகனுக்குப் பேசியிருக்கும் வேலாயிப்பிள்ளை என் பக்கத்தில் நின்று முறைக்கிறாள். "விழுந்து கால முறிச்சாள் எண்டா சம்பந்தம் இல்ல மச்சாள்." "வெண்டாள் எண்டா?" என்கிறேன். "அப்பவும் இல்ல. நம்மட வழமைப்படி கலியாணம் முடிச்சு அவள்ட வீட்டுல போய் இருக்கப்போற என்ட மகனையும் இப்படித்தானே இடிப்பாள்?" பலகை இரைகிறது. சின்னத்தங்கம் தாழக் குனிந்து வருகிறாள். எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் இப்படி ஓர் அழகு இருந்திருக்கிறது. தோளால் ஒரே இடி. நேர்ஸ் பலகையைத் தாண்டிப் போய் மணலில் குந்துகிறாள். என் காதோரம் நாக்கைச் சுழற்றிப் போடும் கல்யாணக் குரவை கிளம்புகிறது. வேலாயிப்பிள்ளை தன் வாயைப் பொத்துகிறாள். குரவை விரல்களுக்கிடையால் வந்துகொண்டே இருக்கிறது.