சாயந்திரமானால் போகும் நெட்

"கீழ் வீட்டம்மா வேணும்னே பண்றாங்கடா" என்றான் அறைத்தோழன் கமலக்கண்ணன்.

மணிகண்டனுக்கும் அப்படித்தான் தோன்றியது. டெலிபோன் லைனில் மாட்டிய மோடம், வீட்டுக்கார சரோஜம்மாளின் ஹாலில். அங்கிருந்து ஒரு வயர் மாடியேறி இவர்கள் அறை ரௌட்டருக்கு வருகிறது. நைட் ஷிஃப்ட் கமலக்கண்ணனுக்குப் பகலில் குதிரையாக ஓடும் நெட், மணிகண்டன் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி வந்து உட்கார்ந்தால் படுத்துவிடும்.

நாளை சாயந்திரம் ஆன்லைன் டெஸ்ட். தேறினால் பர்மனென்ட். நடுவில் நெட் அறுந்தால் மறுபடியும் கான்ட்ராக்ட்தான்.

ரௌட்டரை மாற்றியாயிற்று. வயரை மாற்றியாயிற்று. கஸ்டமர் கேரில் கேட்டால், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்."

செல்போன் அடித்தது. சிங்காரப்பேட்டையிலிருந்து அம்மா.

"வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டு மாதிரித் தேர்வைத் திறப்பதற்குள் நெட் போய்விட்டது.

"இப்பவே ஓடு. கையும் களவுமாப் பிடி!"

மணிகண்டன் தடதடவென்று படியிறங்கினான். கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் வீட்டுக்காரர் சத்தமாகக் கன்னடச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மோடத்தை யாரும் அணைக்கவில்லை. லைன் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

உள்ளறையில் சரோஜம்மாளின் குரல். அங்கே அதே லைனில் இன்னொரு போன்!

சட்டென்று விளங்கிவிட்டது. ஹால் போனில், பேச்சையும் நெட்டையும் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. இந்த போனில் இல்லை. இதை எடுத்தால் நெட் போகும். காலையில் ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது.

ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

"ஆன்ட்டி, தினமும் இதே நேரத்துக்கு அப்படி யார்கிட்டதான் பேசறீங்க?"

சரோஜம்மாள் ரிசீவரைப் பொத்தினாள். "மெல்லப் பேசு தம்பி. உங்கம்மாதான்."

"எங்கம்மாவா?"

"நீதான் செல்லுல பேச மாட்டேங்கறியே! புள்ள சாப்ட்டானா, எளைச்சிட்டானான்னு என்கிட்ட கேப்பாங்க. உன்னைக் கூப்பிடட்டுமான்னா, 'வேணாங்க, கம்ப்யூட்டர்ல படிக்கறான், தொந்தரவாயிடும்'ங்கறாங்க."

மணிகண்டன் ரிசீவரை வாங்கிக்கொண்டான்.

மாடியிலிருந்து கமலக்கண்ணன் கத்தினான். "டேய், இன்னும் நெட் வரலடா!"

"இப்போதைக்கு வராதுடா. நான் எங்கம்மாகிட்டப் பேசிட்டிருக்கேன்!"