மூன்றாம் விசை

காப்பக வரவேற்பறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சம்மத அலுவலர் ரெஜினா, வார்டு ஊழியர் ஒருவர், உதயகுமார், சக்கர நாற்காலியில் அவன் மனைவி தாட்சாயணி.

பக்கவாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு விரல்தான் அசைந்தது. அந்த விரல் மடியில் இருந்த விசைப்பலகையில் அடிப்பதே சட்டப்படி அவள் பேச்சு. எழுத்தெழுத்தாக அடித்தால் ஒரு வரிக்கு அரைமணி ஆகும். அதனால் விசைக்கு ஒரு வாக்கியமாக ஷார்ட்கட் வைத்திருந்தாள். அவற்றை மாற்றும் விதத்தைக் கணவனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

"இங்க தங்கச் சம்மதமாம்மா?" என்றார் ரெஜினா.

'மாட்டேன்' என்று வைத்திருந்த மூன்றாம் விசையை அழுத்தினாள். திரையில் 'சம்மதம்' என்று வந்தது.

கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். விரல் வலிக்க வலிக்க அழுத்தினாள். திரை முழுக்கச் சம்மதமாக நிரம்பியது.

ரெஜினா சிரித்துவிட்டார். "குடுத்துவச்சவர் சார் நீங்க. என் மாமியாரை அனுப்ப ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினேன்."

தாட்சாயணி எழுத்தெழுத்தாக அடிக்கத் தொடங்கினாள். இரண்டாவது எழுத்து விழுமுன் உதயகுமார் அவள் மடியிலிருந்து விசைப்பலகையை எடுத்துக்கொண்டான்.

"அதான் சொல்லிட்டியேம்மா, போதும்," என்றான்.

ஊழியர் நாற்காலியை உள்ளே தள்ளினார். அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்கள்.