கை கட்டி, வாய் பொத்தி

"கையைக் கட்டு. வாயை மூடு. பதினோரு மணிக்கு மேல யாராவது அசைஞ்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!"

சோபாவில் இரண்டு குழந்தைகள் கைகளைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, முழ நீள ஸ்பேனரைப் பிடித்தபடி அந்த ஆள் நின்றிருந்தார்.

"வேறன்னா என்ன மாமா நடக்கும்?" என்று கேட்டாள் ஆறு வயதுச் சின்னவள்.

மாமா அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. "அது... அப்ப பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து ஆடுகிற சோபாக் காலை ஸ்பேனரால் முடுக்கினார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குழந்தைகளின் அம்மாவுக்குத் தம்பி. அக்கா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பெரியவனின் முதுகில் அவன் அப்பாவின் பெல்ட் தடத்தைப் பார்த்த மறுநாளே, பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்.

ஆறு வாரமாகப் பிள்ளைகள் இங்கேதான், ஆனால் தற்காலிகமாக. இன்று குழந்தைகள் நல அலுவலர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவார். அறிக்கை சரியில்லை என்றால் பிள்ளைகள் திரும்பவும் அப்பாவிடம்தான்.

கல்யாணமாகாத ஆள், ஒரே ஒரு படுக்கையறை. ஒழுக்கத்தையாவது காட்டி மார்க் வாங்கலாம் என்று மூன்று நாளாக ஒத்திகை நடந்தது. லிஃப்டைச் சோதிக்கிற மாதிரி பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்திருந்தார்.

சரியாகப் பதினொன்றுக்கு அலுவலர் வந்தார். சிரிக்காத முகம். ஃபைலைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு எங்க அப்பா வீட்டுக்கு வந்த மேடம்தானே நீங்க?" என்றாள் சின்னவள். ஒத்திகையில் இல்லாத வசனம்.

அலுவலரின் பேனா நின்றது. "உனக்குப் பேச வருமா?"

மாமா அவசரமாகக் குறுக்கிட்டார். "கொஞ்சம் வாயாடி, மேடம். கண்டிச்சு வைக்கிறேன்."

"மாமாவுக்குக் கண்டிக்கவே தெரியாது மேடம்" என்றான் பெரியவன். "முட்டை பொரிக்கவும் தெரியாது. நேத்து வீடு பூரா புகை. பக்கத்து வீட்டு அங்கிள் வாளியில தண்ணியோட ஓடி வந்தார்!"

சின்னவள் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து உருண்டாள். மேடத்துக்கு வைத்திருந்த ஜூஸ் அப்படியே ஃபைல் மேல் கவிழ்ந்தது.

"அய்யய்யோ, நான்தான் கொட்டிட்டேன்!" என்று தன் கவுன் நுனியாலேயே துடைக்க ஆரம்பித்தாள். "மாமா இன்னிக்கு நல்லா மாட்டிக்கிட்டார்" என்று பெரியவன் கைதட்டினான்.

அலுவலர் ஃபைலை ஒரு உதறு உதறினார். நனையாத பக்கமாகப் பார்த்து எழுத ஆரம்பித்தார். நிறையவே எழுதினார். மாமா கழுத்தை நீட்டிப் பார்த்தார், ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. இன்னும் எத்தனை நாள் இதுங்க இங்கே இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வாசல் வரைக்கும் பின்னாலேயே போனார்.

"மேடம், மூணு நாளா படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இன்னிக்குன்னு பார்த்து மானத்தை வாங்கிட்டாங்க. தயவுபண்ணி இன்னொரு தடவை வாங்க. ரெண்டு பேரும் அசையாம, வாயைத் திறக்காம உட்கார்ந்திருப்பாங்க. நான் பொறுப்பு."

அலுவலர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்படி உட்கார்ந்திருந்ததை அவங்க அப்பா வீட்லயே பார்த்துட்டேன், சார்."