அழிக்காதே

"மறுபடியும் தப்பு!"

ஃபிசிக்ஸ் சார் அவளுடைய ரெக்கார்டு நோட்டில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தார். தாள் கிழியாதது ஆச்சரியம்.

"ஊசலை ஆட விடணும், டைம் எடுக்கணும், கணக்குப் போட்டா பூமியோட ஈர்ப்பு 9.8னு வரணும். கிளாஸ்ல எல்லாருக்கும் வருது. உனக்கு மட்டும் எப்பவும் 10.8. நீ என்ன வேற கிரகத்துலயா குடியிருக்கே?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. 'பிடிவாதம்' மட்டும் சிரிக்கவில்லை. அது அந்தப் பன்னிரண்டாம் வகுப்பு அவளுக்கு வைத்த பேர். காமர்ஸ் போதும் என்ற அப்பாவிடம் பட்டினி கிடந்து ஃபிசிக்ஸ் பிரிவு வாங்கியவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்களாம்?

"சாயங்காலத்துக்குள்ள சரியா செஞ்சு காட்டினா கையெழுத்து. இல்லேன்னா பிராக்டிகல் பரீட்சைக்கு உன் பேர் போகாது. ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்துக்கோ."

சார் நகர்ந்ததும் பக்கத்து மேசையிலிருந்து வகுப்பு லீடர் கிசுகிசுத்தான்.

"லூசு! போர்டைப் பாரு."

போன வாரம் சார் செய்து காட்டிய ரீடிங் முழுக்க கரும்பலகையில் அப்படியே இருந்தது. சுற்றிலும் கட்டம். மேலே பெரிதாக, 'அழிக்காதே'.

"விடைதான் தெரியுமே. பின்னாலேருந்து கணக்குப் போட்டு டைமை எழுது. புள்ளிக்கு அப்புறம் கொஞ்சம் முன்னே பின்னே மாத்திக்கோ. நாங்கல்லாம் என்ன நிஜமாவா ஆட்டினோம்?"

"எனக்கு வந்ததைத்தான் எழுதுவேன்."

"எக்கேடு கெட்டும் போ."

பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. அப்பா 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பித்தால் இந்த ஜென்மத்தில் நிறுத்தமாட்டார்.

நூலை மாற்றினாள். நீளத்தைத் திரும்ப அளந்தாள். காற்றில் ஊசல் குண்டு அசைகிறதோ என்று ஜன்னலைச் சாத்தி ஃபேனையும் நிறுத்தினாள். "ஏய், வேகுதுடி!" என்று பின்வரிசை அலறியது. காதிலேயே வாங்கவில்லை.

10.8.

மிச்சம் இருந்தது ஸ்டாப் கிளாக் ஒன்றுதான். லேபில் இருப்பதே அது ஒன்று. இந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் கீழே விழுந்து, கண்ணாடி விரிசல் விட்டது. வகுப்பு முழுக்க அதைத்தான் கைமாற்றிக் கைமாற்றி வாங்கும்.

நேராக சாரிடம் போனாள்.

"சார், உங்க வாட்ச்சைக் கொஞ்சம் கழட்டித் தர்றீங்களா?"

"என்னது?"

"ஒரே ஒரு நிமிஷம் சார்."

கேட்ட தைரியத்தில் அசந்துபோய் அவரும் கொடுத்துவிட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள். வாட்ச் ஒரு நிமிஷத்தை முடித்தபோது, ஸ்டாப் கிளாக் ஐம்பத்தேழில் நொண்டிக்கொண்டிருந்தது.

"கிளாக் மெதுவா ஓடுது சார். டைம் கம்மியா காட்டினா ஈர்ப்பு கூடுதலாத்தான் வரும். இதுல அளந்தா யாருக்குமே 10.8க்குப் பக்கத்துலதான் வரும். நான் செஞ்சது சரி."

சார் கிளாக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்புறம் வகுப்புப் பக்கம் திரும்பினார்.

"அப்போ உங்களுக்கெல்லாம் எப்படிடா 9.8 வந்தது?"

லீடர் மேசைக்கடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான்.

"திருட்டுப் பசங்களா! ஒருத்தராவது ஊசலைத் தொட்டீங்களா? விடையை வச்சுக்கிட்டு ரீடிங் எழுதறதுக்குப் பேர் படிப்பா? வெட்கமாயில்ல? எல்லா ரெக்கார்டும் என் டேபிளுக்கு வரணும். நான் போட்ட ஒரு கையெழுத்தும் செல்லாது!"

"சார்..."

"இன்னும் என்னம்மா?"

கிண்டல் இல்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

"போன வாரம் நீங்களும் இதே கிளாக்கை வச்சுத்தானே சார் செஞ்சு காட்டினீங்க?"

சார் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய முத்து முத்தான கையெழுத்தில், 9.8.

அவள் நோட்டை இழுத்து, தான் அடித்த சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி சட்டைப் பையில் செருகினார்.

பிறகு டஸ்டரை எடுத்துக்கொண்டு போய், 'அழிக்காதே'யிலிருந்து ஆரம்பித்தார்.