பல் டாக்டர் கிளம்பும் நேரம்

டிரைவர் தலும் வண்டிச் சாவியைத் திருப்பியதும் ஒரு தும்மல் கேட்டது.

அவன் உடனே இன்ஜினை அணைத்தான்.

"இன்னிக்குப் போக முடியாது டாக்டர்."

புனுன் பழங்குடியினரின் அந்த மலையூரில் புறப்படும் நேரத்தில் யாராவது தும்மிவிட்டால், மறுநாள் விடியும்வரை பயணம் கிடையாது. தும்மலில் ஒன்றுமில்லை என்று பத்து வருடமாகப் பிரசங்கம் செய்யும் பாதிரியார் நகரத்துக்கு ஓசிச் சவாரிக்கு ஏறியிருந்தார். இப்போது அவரும் பையோடு கீழே நின்றார்.

டாக்டர் லியாவ் வானத்தைப் பார்த்தார். மழை பிடித்தால் மலைப்பாதையில் தடுப்பைப் போட்டுவிடுவார்கள். அது அவருடைய கவலை.

ஊருடைய கவலை சுகாதார நிலையத்தின் பின்னறையில் படுத்திருந்தது. மதியமே லாங்குய்க்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. முதல் பிரசவத்துக்கு அவளை இதே வண்டியில்தான் கீழே கொண்டுபோனார்கள். பாலத்துக்கு முன்னாலேயே குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது லாங்குய் மட்டும். இந்த முறை ஏற மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

இங்கே நர்ஸ் வேலை காலியாகி வருடக்கணக்கு ஆகிறது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். எந்த டாக்டர் என்பதைக் கீழே இருப்பவர்கள் முறை வைத்து முடிவு செய்வார்கள். நோய்களும் அந்த முறைப்படி வர வேண்டும்.

"நான் பல் டாக்டர்ங்க," என்றார் லியாவ் மறுபடியும்.

லாங்குய்யின் மாமியார் பூனி வாயிலிருந்த பாக்கைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"அதனாலென்ன டாக்டர்? பொறக்கிற புள்ளைக்கும் பல்லு முளைக்கும்ல?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

யார் தும்மியது என்று விசாரணை நடந்தது. ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பாதிரியார் ஆண்டவர் மேல் சத்தியம் செய்தார். தீர்ப்பு வருவதற்குள் மழை வந்துவிட்டது. பாதையை அடைத்துவிட்டதாக போனும் வந்துவிட்டது.

லியாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். கூடப்படித்த ஒரு பிரசவ டாக்டரை போனில் பிடித்து, சத்தமாகப் பேசவைத்து, கையுறையோடு பின்னறைக்குள் போனார்.

தலும் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். ஏறி இறங்கியே அவன் முதுகும் அந்தப் பாதை மாதிரி வளைந்துவிட்டது.

இருட்டுவதற்குள் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. முதலில் லாங்குய். கொஞ்சம் தாமதமாக, இன்னொன்று.

பூனி நனைந்தபடி வந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட அசதிதான் அதிகம் தெரிந்தது.

"பொண்ணு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"டேய் தலும், நீ தும்முனது பூனை இருமுன மாதிரி இருந்துச்சுடா. அடுத்த முறை வர்றது கண் டாக்டராம். பக்கத்து வீட்டு மாலாஸுக்கும் அப்பதான் பிரசவ நாளு. அதுக்குள்ள ஒழுங்கா தும்மப் பழகிக்க."