கொலுசு முத்து

வண்ணார்பேட்டைப் பட்டறையில், ஊதுவிளக்கின் நீலச் சுவாலை துப்பாக்கிக் குழலின் முனையை நக்குகிறது. வாழையைத் தோண்டும் பன்றியைக் குறிபார்க்க, கண் மங்கிய அப்பா, மகள் டார்லினின் கொலுசிலிருந்து ஒரு வெள்ளி முத்தைக் கழற்றி அங்கே பளிச்சென்று தெரியும் குறிமுனையாகப் பற்றவைத்திருந்தார். அவரைப் புதைத்து நாற்பது நாள்தான் ஆகிறது. துப்பாக்கி இப்போது சித்தப்பா கிங்ஸ்டனுக்கு. “துப்பாக்கிக்குக் கொலுசு போட்ட கோட்டிக்காரன் உங்கப்பன் ஒருத்தன்தாம்ட்டி,” என்று அவர் சிரிக்கிறார். “அப்பா துப்பாக்கியத்தான் உங்களுக்கு எழுதுனாவ. முத்து என்னுது, அதான் கழத்தச் சொன்னேன்,” என்கிறாள் டார்லின். முத்தைப் பற்றவைத்த ஈயம் மினுங்கி இளகுகிறது. ஆசாரி குறடால் தட்டியதும் முத்து மேசையில் உருள்கிறது. “தொடாதீங்க அண்ணாச்சி, கொதிக்கி!” அதற்குள் கிங்ஸ்டன் அதைப் பறித்து, “யம்மா!” என்று உதறுகிறார். தரையில் விழுந்ததை டார்லின் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். “ஏட்டி, சுடலியா?” “சுடுது,” என்கிறாள், அவரைப் பார்த்தபடி, கையைத் திறக்காமல்.